வந்ததும் வரவேண்டியதும்: ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் வாங்கித் தரும் வழி

என் அப்பா காரைக்குடியில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். குறிப்பேட்டையும் பேரேட்டையும் விரித்து வைத்துக்கொண்டு ஐந்தொகை (வரவு, செலவு, பாக்கி எல்லாம் சேர்த்து முடிக்கும் கணக்கு) போடும்போது, வந்த பணத்துக்கு ஒரு வரி என்றால் வரவேண்டிய பணத்துக்கும் ஒரு வரி எழுதுவார். வரவேண்டியதை விட்டுவிட்ட கணக்கைக் கணக்கு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். நான் வக்கீலாகிச் சில ஆண்டுகள் கழித்து, 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தை முதல்முறையாக வரி வரியாகப் படித்தேன். இரண்டாம் பத்தியிலேயே அப்பாவின் சொல் கிடைத்தது. எந்தப் பணிக்காலத்துக்குப் பங்களிப்பு வந்திருக்கிறதோ, அல்லது வரவேண்டியிருக்கிறதோ, அதுவே ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலம் என்று அங்கே எழுதியிருக்கிறது. முதலாளி கட்டவில்லை என்பதால் தொழிலாளி உழைத்த வருடம் அழிந்துவிடாது. இத்தனை ஆண்டுகளாக நான் நடத்திய வழக்குகளில் பாதிக்கு மேல் அந்த 'வரவேண்டிய' என்ற சொல்லின் பலத்தில்தான் நின்றன.

இந்த ஊர்ப் பக்கம் வக்கீல் தொழில் என்றால் பாகப்பிரிவினைதான். ஒரு வலவு வீட்டுக்கு, அதாவது நகரத்தாரின் பெரிய பூர்வீக வீட்டுக்கு, நாற்பது பங்காளிகள், அவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். அந்த வழக்கு பேரன் காலம் வரை ஓடும், கட்டணமும் வரும். ஓய்வூதிய வழக்கில் மாதம் இருநூறு, முந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக இரண்டு வருடம் அலைய வேண்டும். ஆனாலும் இந்த வேலைக்கு இளையவர்கள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவர்களுக்காகவும், வக்கீல் இல்லாமலே அப்பா அம்மாவின் தாள்களைத் தூக்கிக்கொண்டு அலையும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டி

வருகிறவரை உட்கார வைத்தவுடன் கதை கேட்காதீர்கள். "வீட்டில் தாள் வைக்கும் பெட்டியை அப்படியே கொண்டு வாருங்கள், எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்புங்கள். டிரங்குப் பெட்டியோ மஞ்சள் பையோ வரும். தொழிலாளி முக்கியம் என்று நினைத்து எடுத்து வரும் தாள் பெரும்பாலும் உதவாது. அவர் ஒதுக்கிவிட்ட தாளில்தான் வழக்கு இருக்கும். டோக்கன் எண் எழுதிய வருகை அட்டை, சம்பளச் சீட்டு, வருடாந்திர பி.எப். (வருங்கால வைப்பு நிதி) சீட்டு, சேர்ந்த தேதி போட்ட இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை, போனஸ் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, ஆலைக் கூட்டுறவுச் சிக்கனச் சங்கத்தின் பாஸ் புத்தகம் ஆகிய எல்லாமே அவர் அந்த மாதம் அந்த ஆலையில் வேலை பார்த்தார் என்பதற்குச் சாட்சி.

ஒரு அம்மாவின் பெட்டியைச் சொல்கிறேன். வெளி மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் கோன் வைண்டிங் (நூலைக் கூம்பில் சுற்றும்) பிரிவில் 1996 மார்ச் முதல் 2016 ஏப்ரல் வரை வேலை பார்த்தவர். கணக்குப் பார்த்தால் 20 வருடம் 2 மாதம். ஓய்வூதிய ஆணையில் 19 வருடம் என்று இருந்தது. ஆலை கைமாறிய சமயத்தில், 2003 ஜூன் முதல் பதினொரு மாதங்களுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், கட்டவில்லை. பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய நாட்காட்டித் தாளுக்குக் கீழே எட்டுச் சம்பளச் சீட்டுகள் கிடந்தன. உள்ளங்கை அகலம், ஊதா நிறக் கரிக்காகித நகல், மூலையில் குண்டூசி துருப்பிடித்த துளை. சம்பளம் 2,950 என்ற கட்டத்துக்கு எதிரே, பி.எப். என்ற கட்டத்தில் 354. நூற்றுக்குப் பன்னிரண்டு, ரூபாய் பிசகவில்லை. மீதி மூன்று மாதங்களுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய சீட்டுகள் கைகொடுத்தன.

தேதி நினைவில் இல்லை என்பார்கள். வருடத்தைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தபோது வேலையில் இருந்தாரா, மூத்த மகளுக்குக் காது குத்தியபோது எந்த ஷிப்ட், சைடு (நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கம்) பார்த்தாரா, டாஃபராக (நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றுபவராக) இருந்தாரா என்று கேட்டால் மாதம் வரை சொல்லிவிடுவார்கள். சொன்னதைத் தாளோடு ஒத்துப் பாருங்கள்.

ஐந்தொகை போடுங்கள்

மனு எழுதுவதற்கு முன் நீங்களே கணக்குப் போட வேண்டும். சூத்திரம் எளியது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணிக்கால வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்பது, 2014 செப்டம்பர் 1 முதல், கடைசி 60 மாதங்களின் சராசரி. அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குக் கடைசி 12 மாதச் சராசரி. ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள உதிரிக் காலம் ஒரு வருடமாகும், குறைந்தால் விட்டுப்போகும். 58 வயது வரை இருந்து, 20 வருடம் அல்லது அதற்கு மேல் பணி இருந்தால், இரண்டு வருடம் கூடுதலாகச் சேரும்.

அந்த அம்மாவின் சராசரி 6,300 ரூபாய். 19 வருடம் என்றால் 6,300 பெருக்கல் 19 வகுத்தல் 70, ஆக 1,710. பதினொரு மாதம் சேர்ந்தால் பணிக்காலம் 20-ஐத் தொடுகிறது, உடனே இரண்டு வருடமும் கூடி 22 ஆகிறது. 6,300 பெருக்கல் 22 வகுத்தல் 70, ஆக 1,980. மாதம் 270 ரூபாய், அவர் ஆயுள் முழுவதும். பதினொரு மாதப் பாக்கி எதை விழுங்கியது என்று இந்த இரண்டு வரிகளையும் அதிகாரியின் மேசையில் வைத்தால் வாதம் பாதி முடிந்துவிடும்.

சம்பளம் பழைய வரம்பான 6,500 ரூபாயைத் தாண்டியவர்களுக்குக் கணக்கு இரண்டு துண்டு. 2014 ஆகஸ்ட் வரையிலான பணிக்கு 6,500 வரை, அதன் பிறகான பணிக்கு 15,000 வரை. 1995 நவம்பர் 16-க்கு முன்பே 1971-ஆம் ஆண்டுக் குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர்களுக்குப் பழைய பணிக்காலப் பயன் என்று தனி அட்டவணை உண்டு. அதை வைப்பு நிதி அலுவலகமே சரியாகச் சேர்த்திருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

பங்களிப்பில்லா நாட்கள், அதாவது சம்பளமும் பங்களிப்பும் இல்லை என்று கழிக்கும் நாட்கள், என்ற கட்டத்தை முக்கியமாகப் பாருங்கள். ஆலை அடைத்த நாள், பஞ்சு வராத நாள், மின்வெட்டு நாள் என்று நிர்வாகம் எழுதிக்கொண்டே போயிருக்கும். வேலை பார்த்த நாளும் அதில் சேர்ந்திருப்பதை நான் பல கோப்புகளில் கண்டிருக்கிறேன். வருகை அட்டை இருந்தால் நாள் நாளாக ஒத்துப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் ஒன்பது வருடம் ஐந்து மாதம் என்று நிற்கும் ஒருவருக்கு இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் அது பத்து வருடமாகி, ஓய்வூதியமே கிடைத்துவிடும்.

பெயரும் பிறந்த தேதியும்

நம் பக்கத்துப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டார்கள். சின்னையா என்ற பெயர் ஆலைப் பதிவேட்டில் எஸ் எழுத்தில் தொடங்கும், ஆதாரில் சி எழுத்தில் தொடங்கும். கருப்பையாவின் கடைசி எழுத்து ஒரு இடத்தில் எச், இன்னொரு இடத்தில் ஏ. முதலெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக. இதற்காக விண்ணப்பம் திரும்பி வந்து, அலைந்து ஓய்ந்து, கேட்பதையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே 55 வயதிலேயே திருத்தச் சொல்லுங்கள். தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியின் மூலம் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாவற்றையும் திருத்தலாம். ஆலை மூடிவிட்டது, கையெழுத்துப் போட ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அத்தோடு விடாதீர்கள். மூடிய நிறுவனங்களின் தொழிலாளிக்கு அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், வங்கி மேலாளர் போன்றவர்களின் சான்றொப்பத்தை ஏற்கும் வழி இருக்கிறது. பள்ளிக்கே போகாதவருக்கு அரசு மருத்துவரின் வயதுச் சான்றும் பிரமாண வாக்குமூலமும் வேண்டும்.

58-க்கு முன் வாங்கலாமா என்று கேட்பார்கள். 50 வயதிலிருந்து வாங்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ, வருடத்துக்கு நூற்றுக்கு நான்கு வீதம் வெட்டு விழும், அந்த வெட்டு பிறகு சரியாகாது. தவிர்க்க முடிந்தால் தவிர்க்கச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து 10-சி படிவம். எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மகள் கல்யாணத்துக்கு என்று அந்தப் படிவத்தில் பணமாக வாங்கிவிட்டால் அந்த எட்டு வருடமும் போயிற்று. அதே படிவத்தில் திட்டச் சான்றிதழும் கேட்கலாம். அதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த ஆலையில் சேர்ந்தால் வருடங்கள் தொடரும். படிவத்தில் எந்த இடத்தில் குறி இடுகிறோம் என்பது தெரியாமல் எத்தனையோ பெண்கள் தங்கள் முதுமையைச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று வருடம், நான்கு வருடம் 'பயிற்சியாளர்' என்றே வைத்திருந்து பி.எப். பிடிக்காமல் விடுவது உண்டு. 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின் கீழோ, சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளின் கீழோ வருகிற பயிற்சியாளருக்கு மட்டும்தான் 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் விலக்குத் தந்தது. முதல் மாதத்திலிருந்தே இயந்திரத்தில் நின்று உற்பத்தி கொடுத்தவரைப் பெயரை மாற்றி வெளியே நிறுத்த முடியாது. அந்த வருடங்களும் 'வரவேண்டிய' வருடங்களே.

ஆத்தங்குடிக் கல் பதிக்கும் பட்டறைகளிலும் பாரம்பரிய வீட்டு விடுதிகளிலும் இருந்து வருகிறவர்களிடம் முதல் கேள்வி, எத்தனை பேர் வேலை பார்த்தீர்கள் என்பது. இருபது பேராவது இருந்தால்தான் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். பட்டறையை அண்ணன் பெயரில் பாதி, தம்பி பெயரில் பாதி என்று காட்டியிருந்தால், கணக்கு ஒன்றா, மேஸ்திரி ஒருவரா, வெயிலில் காய வைக்கும் களம் ஒன்றா என்று பாருங்கள். கிளைகளும் துறைகளும் சேர்ந்து ஒரே நிறுவனம் என்கிறது அந்தச் சட்டத்தின் 2-ஏ பிரிவு. ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. என் அப்பாவைப் போல ஒரு வீட்டில் தனி ஆளாகக் கணக்கு எழுதியவருக்கும், ஆச்சி வீட்டில் அடுப்படியில் நாற்பது வருடம் நின்றவருக்கும் இந்தத் திட்டத்தில் இடமில்லை. அவர்களுக்கு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, 60 வயதுக்குள் பதிவைப் புதுப்பித்து வைக்கச் சொல்வேன்.

எந்தக் கதவைத் தட்டுவது

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. தொழிலாளியின் ஊர் எது என்று பார்க்காதீர்கள், ஆலை எங்கே இருந்தது என்று பாருங்கள். சிவகங்கை மாவட்டத்து ஆலை என்றால் மதுரை வட்டார அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டம் என்றால் திருச்சி. ராயவரத்துக்காரர் தேவகோட்டைப் பக்கத்து ஆலையில் வேலை பார்த்திருந்தால் கோப்பு மதுரையில் இருக்கும். தவறான பஸ் ஏறி ஒரு நாள் கூலியைத் தொலைத்தவர்கள் உண்டு.

ஓய்வூதியத்துக்கு 10-டி படிவம். எல்லாத் தாளும் முழுமையாகக் கொடுத்தால் 20 நாளில் முடிக்க வேண்டும் என்று திட்டத்தின் 17-ஏ பத்தி சொல்கிறது. காரணமின்றித் தாமதித்தால் 12 சதவீத வட்டி, அதையும் வைப்பு நிதி ஆணையரின் சம்பளத்தில் பிடிக்கலாம். அதனால் கொடுத்த நாளுக்கு ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

தாள் இல்லாதவருக்கு முதல் ஆயுதம் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு அஞ்சல் ஆணை எடுத்து, அவருடைய கணக்கு எண்ணைச் சொல்லி, 3-ஏ, 6-ஏ படிவங்களின் நகலைக் கேளுங்கள். 3-ஏ என்பது ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதவாரியாகப் பங்களிப்பைக் காட்டும் அட்டை, 6-ஏ என்பது ஆலை முழுவதற்குமான வருடாந்திர அறிக்கை. 2012-இல் மின்னணு முறை வரும் வரை இவைதான் மூல ஆவணம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிலில் 'பதிவேடு கிடைக்கவில்லை' என்று வந்தாலும் வருந்தாதீர்கள். பராமரிக்க வேண்டிய பதிவேட்டைத் தொலைத்தது தொழிலாளி அல்ல என்று வாதாட அந்தக் கடிதமே போதும். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதியையொட்டி மாவட்டந்தோறும் வைப்பு நிதி அலுவலகத்தினர் நடத்தும் குறைதீர் முகாமுக்கும் தொழிலாளியை அழைத்துச் செல்லுங்கள். எழுத்துப் பிழை, வங்கிக் கணக்கு மாற்றம் போன்றவை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலாளி கட்டாத பாக்கி என்றால் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஏ பிரிவு விசாரணை. நிர்வாகத்தை அழைத்துப் பதிவேட்டைக் கேட்கவும், சாட்சியை விசாரிக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையருக்கு உண்டு. கட்டாத காலத்துக்கு 7-கியூ பிரிவில் 12 சதவீத வட்டி, 14-பி பிரிவில் அபராதத் தொகை. ஆலை கைமாறியிருந்தால் 17-பி பிரிவை மறக்காதீர்கள். விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு, வாங்கியவர் தான் பெற்ற சொத்தின் மதிப்பு வரை. நான் சொன்ன அம்மாவின் வழக்கு இந்தப் பிரிவில்தான் திரும்பியது. புதிய நிர்வாகம் 'அது எங்கள் காலம் அல்ல' என்றது. சட்டமோ அது அவர்கள் வாங்கிய சொத்தோடு வந்த கடன் என்றது. ஒரு செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். முப்பத்துநான்கு மாத நிலுவை 9,180 ரூபாயோடு திருத்திய ஆணை வந்தபோது, அந்த அம்மா தொகையைப் பார்க்கவில்லை. "இருபத்திரண்டு என்று எங்கே இருக்கிறது வக்கீலம்மா?" என்று கேட்டு, அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மனு எழுதும் நாளில் எந்தப் பிரிவு எண் நடப்பில் இருக்கிறது, கால வரம்பு என்ன என்று சரிபாருங்கள்.

தவறு அலுவலகத்தின் பக்கம் இருந்தால், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வருங்கால வைப்பு நிதி உறுப்பினர் நுகர்வோரே என்று சிவகுமார் ஜோஷி வழக்கில் 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டக் கேள்வி எழுந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2004-க்கு முன் இதற்குச் சென்னை வரை போக வேண்டியிருந்தது. ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17-இல் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அது அரசு ஓய்வூதியர் வழக்குதான். ஆனாலும் என் ஒவ்வொரு வாதத்திலும் அதைச் சொல்கிறேன், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கூடுதல் ஓய்வூதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தந்த தீர்ப்பைப் பற்றிக் கேட்டு நிறையப் பேர் வருவார்கள். வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கி, அதன்மேல் பங்களிப்பும் கட்டியவர்களுக்கே அது பொருந்தும். நம் நூற்பாலைத் தொழிலாளிகளில் மிகச் சிலருக்குத்தான்.

கட்டணம் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். நிலுவையில் இத்தனை பங்கு என்று பேசாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், வந்த தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கொடுக்க முடியாதவரை வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஆணை வந்த பிறகு

ஆணை கைக்கு வந்ததும் கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள். பணிக்காலம், சராசரிச் சம்பளம், பங்களிப்பில்லா நாட்கள், தொடங்கும் தேதி நான்கையும் உங்கள் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். தொகை ஆயிரத்துக்கும் கீழே இருந்தால், 2014 செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். அந்த ஆயிரத்தில் ஒரு சமையல் எரிவாயு உருளை வாங்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நாற்பது வருடம் நூல் சுற்றிய கைக்கு இது போதாது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஆயுள் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும், வருடத்தின் எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கல் பட்டறையில் சிமெண்டைக் கையால் தேய்த்தவர்களுக்கும் நூலை விரலில் ஓட்டியவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. முகத்தை வைத்துப் பதியும் முறை கைப்பேசியில் வந்துவிட்டது, அதைச் செய்து கொடுங்கள். 2025 ஜனவரி முதல் எந்த வங்கிக் கிளையிலும் பணம் பெறலாம். சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டவர் இதற்காக ஊர் திரும்ப வேண்டியதில்லை.

கடைசியாக மனைவியின் பெயர், பிறந்த தேதி, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம். கணவர் இறந்தால் அவருடைய ஓய்வூதியத்தில் பாதி, குறைந்தது 1,000 ரூபாய், மனைவிக்கு. 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவருக்குத் தலா அதில் கால் பங்கு. பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு ஒரே ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. பத்து வருடம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட விதவைகள் இந்த ஊர்ப் பக்கம் இன்னும் இருப்பார்கள், தேடிப் போய்க் கேளுங்கள். மூலத் தாள்களை நகல் எடுத்த அன்றே, எதை எடுத்தீர்களோ அதே வரிசையில், பெட்டியில் திரும்ப அடுக்கி, எண்ணிக்கை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.